120 கிராம் கழைக்கூத்தாடி: சுகர் கிளைடரும் மரப்பொந்தும்

இந்த எபிசோடுக்குக் காரணம் நீங்கதான். போன மாசம் முழுக்க ஒரே மாதிரி ரீல்ஸ்தான் எனக்கு வந்துக்கிட்டே இருந்தது. ஒருத்தர் கையை நீட்டுவார். அலமாரி மேல இருந்து சாம்பல் நிறக் கைக்குட்டை மாதிரி ஏதோ ஒண்ணு காற்றில் விரிஞ்சு வந்து அவர் உள்ளங்கையில உட்காரும். உருண்டையான பெரிய கண், நெற்றியில இருந்து முதுகு வரைக்கும் ஒரு கறுப்புக் கோடு. கூடவே உங்க கேள்வி: "ப்ரோ, இது என்ன அணில்? வீட்டில வளர்க்கலாமா?"

அணில் இல்லை. வளர்க்கலாமாங்கிறதுக்குக் கொஞ்ச நேரத்துல வர்றேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். ரீல்ஸ்ல உள்ளங்கையில உட்கார்ற இதே மாதிரி ஒரு பிராணி, ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவில் ராத்திரி மரப்பொந்துக்குள்ள நுழைஞ்சு, அடைகாத்துக்கிட்டு இருக்கிற தாய்க்கிளியைக் கொன்று தின்னுது. அந்தக் கிளி இனம் அழிவின் விளிம்பில் நிற்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம். கையில உட்கார்றதும் கிளியைத் தின்றதும் ஒரே மாதிரி உடம்புதான். அந்த உடம்பு எப்படி வேலை செய்யுது, எங்க போய் இடிக்குதுங்கிறதைத்தான் இன்னைக்குப் பேசப் போறோம்.

பெயரில் இருந்து ஆரம்பிக்கலாம். ஆங்கிலத்தில் சுகர் கிளைடர். இனிப்பான மரச்சாறு, பூந்தேன் எல்லாம் பிடிக்கும், காற்றில் சறுக்கும், அவ்ளோதான். அறிவியல் பெயர் பெட்டாரஸ் பிரெவிசெப்ஸ். இதை மொழிபெயர்த்தால் 'குட்டைத் தலைக் கயிற்று வித்தைக்காரன்' என்று வரும். நம்ம ஊர் பாஷையில சொன்னா கழைக்கூத்தாடி. பெயர் வெச்சவருக்கு ரசனை இருந்திருக்கு.

கங்காரு, கோலா மாதிரி இதுவும் பைப்பாலூட்டி. அதாவது குட்டி முழுசா வளர்றதுக்கு முன்னாடியே பிறந்து, மிச்ச வளர்ச்சியைத் தாயின் வயிற்றுப் பையில முடிச்சுக்கும். வளர்ந்த ஒண்ணோட எடை 95-லிருந்து 160 கிராமுக்குள்ள இருக்கும். உங்க கையில இருக்கிற போன் அதைவிட கனம். தலையும் உடம்பும் சேர்ந்து 16-லிருந்து 20 சென்டிமீட்டர், வாலும் ஏறக்குறைய அதே நீளம். நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையில இருக்கிற பறக்கும் அணிலுக்கும் இதுக்கும் இருக்கிற உறவு, வவ்வாலுக்கும் நமக்கும் இருக்கிற உறவைவிடத் தூரமானது. பைப்பாலூட்டிகளும் மற்ற பாலூட்டிகளும் பிரிந்து சுமார் 16 கோடி ஆண்டுகள் ஆகுது. ரெண்டும் தனித்தனியா யோசிச்சு ஒரே டிசைனுக்கு வந்து சேர்ந்திருக்கு.

டிசைன் ஒண்ணுன்னாலும் உள்ளே வித்தியாசம் இருக்கு. பறக்கும் அணிலுக்கு மணிக்கட்டுப் பக்கத்தில் ஒரு குருத்தெலும்புக் குச்சி நீட்டிக்கிட்டு இருக்கும். சவ்வை அது கூடாரக் கம்பி மாதிரி வெளியே தள்ளிப் பிடிக்கும். சுகர் கிளைடருக்கு அந்தக் குச்சி கிடையாது. அதோட சவ்வு முன்னங்காலின் ஐந்தாவது விரலில் தொடங்கிப் பின்னங்காலின் முதல் விரல் வரைக்கும் போகும். நாலு காலையும் விரிச்சதும் உடம்பே ஒரு சதுரப் பட்டமாகிடும்.

பறக்கிறதில்லை, விழுகிறது

இது பறவை மாதிரி இறக்கை அடிச்சு மேலே ஏற முடியாது. உயரத்தைச் செலவு பண்ணித் தூரத்தை வாங்கிக்குது. கணக்கு இதுதான்: 1 மீட்டர் கீழே இறங்கினால் கிட்டத்தட்ட 1.8 மீட்டர் முன்னால போகலாம். ஒரே தாவலில் 50 மீட்டர் வரைக்கும் போகும்னு பதிவு இருக்கு. அப்படின்னா அது கிளம்புற இடம், போய்ச் சேர்ற இடத்தைவிடச் சுமார் 27 மீட்டர் உயரத்துல இருக்கணும். ஒன்பது மாடிக் கட்டடத்தோட மொட்டை மாடியிலிருந்து குதிச்சு, அரை கால்பந்து மைதானத்தைக் கடக்கிற மாதிரி.

கிளம்பும்போது பின்னங்கால்களால் மரத்தை உதைக்கும். காற்றில் கால்களை ஏற்றி இறக்கிச் சவ்வின் வளைவை மாற்றும், அதுதான் ஸ்டீயரிங். வால் சமநிலைக்கு. இறங்கப் போற மரம் நெருங்கும்போது உடம்பை நிமிர்த்தி மூக்கை மேலே தூக்கும். வேகம் சட்டுனு குறைஞ்சு நாலு பாதமும் பட்டையில் பதியும். விமானம் தரையிறங்கும்போது மூக்கைத் தூக்குமே, அதே தத்துவம்தான். ஓடுபாதை மட்டும் இங்க செங்குத்தா நிற்குது.

இவ்வளவு எதுக்கு? ஆஸ்திரேலியாவின் யூகலிப்டஸ் காடுகளைப் பார்த்தால் புரியும். நம்ம சோலைக்காடு மாதிரி கிளையோடு கிளை பின்னிக்கிட்டு இருக்காது. மரத்துக்கு மரம் இடைவெளி விட்டு நிற்கும். ஒரு மரத்தில் இருந்து இறங்கி, தரையில ஓடி, அடுத்த மரத்தில் ஏறினால் நிறைய சக்தி செலவாகும். தரையில நரி, பூனை. ராத்திரியில மேலே ஆந்தையும் இருக்கு. சறுக்கினால் சில விநாடியில வேலை முடிஞ்சுடும்.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச பகுதி இனிமேதான் வருது. ஆஸ்திரேலியப் பைப்பாலூட்டிகளில் இந்தச் சறுக்கும் சவ்வு ஒரு தடவை மட்டும் தோன்றலை. மூணு வெவ்வேறு குடும்பங்களில் தனித்தனியா தோன்றியிருக்கு. ஒவ்வொரு குடும்பத்திலும் சறுக்கத் தெரியாத நெருங்கின சொந்தக்காரர்களும் இருக்காங்க. அப்போ ஒவ்வொரு தடவையும் புதுசா ஒரு மரபணுவைக் கண்டுபிடிச்சதா இயற்கை?

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ரிக்கார்டோ மல்லாரினோவின் குழு இதைத் தோண்டிப் பார்த்தது. அவர்களுடைய ஆய்வு 2024-ல் நேச்சர் இதழில் வந்தது. சறுக்குகிற, சறுக்காத பைப்பாலூட்டிகளின் மரபுத்தொகுதிகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மாற்றங்கள் குவிந்து கிடந்த இடங்களில் ஒன்று, ஈஎம்எக்ஸ்2 என்கிற மரபணுவுக்குப் பக்கத்தில் இருந்தது. கவனிங்க, மரபணுவுக்குள்ள இல்லை, பக்கத்துல. அதை எப்போ ஆன் பண்ணணும், எவ்வளவு நேரம் ஓட விடணும்னு சொல்ற பகுதிகளில்.

இந்த மரபணு எலியிலும் இருக்கு. எலிக் கருவிலும் அதே விலாப்பக்கத் தோலில் கொஞ்ச நேரம் வேலை செய்துட்டு அணைஞ்சுடும். சுகர் கிளைடரில் அணையாம ரொம்ப நாள் ஓடுது. கோட் எழுதுறவங்களுக்கு உடனே புரிஞ்சிருக்கும். ஃபங்ஷன் பழசு, எல்லார்கிட்டயும் இருக்கு. கான்ஃபிக் ஃபைல்ல டைம்-அவுட்டை மட்டும் நீட்டிவிட்டிருக்காங்க. விளைவு, இறக்கை மாதிரி ஒரு சவ்வு.

இந்தச் சோதனைக்கு சுகர் கிளைடரைத் தேர்ந்தெடுத்ததுக்கு ஒரு நல்ல காரணம் உண்டு. வவ்வாலோட சவ்வு கருப்பையில் வளரும், உள்ளே போய் எதுவும் செய்யறது கஷ்டம். சுகர் கிளைடர் குட்டி பிறக்கும்போது அதுக்குச் சவ்வே கிடையாது. பிறந்த பிறகு, தாயின் பைக்குள்ள இருக்கும்போதுதான் விலாத்தோல் தடிச்சு வெளியே வளர ஆரம்பிக்கும். ஆய்வாளர்கள் பைக்குள் இருக்கிற குட்டியிலேயே அந்த மரபணுவின் வேலையைக் குறைத்துப் பார்த்தார்கள். சவ்வு சரியா உருவாகலை. சந்தேகம் தீர்ந்தது.

பிசின், பூச்சி, பட்டினி

சாப்பாட்டுக்கு வருவோம். பெயரில் சர்க்கரை இருக்குன்னு இது நாள் முழுக்க இனிப்பு சாப்பிடுதுன்னு நினைச்சுடாதீங்க. கீழ்த்தாடையில முன்பக்கம் உளி மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கிற ரெண்டு பல்லால் யூகலிப்டஸ் பட்டையைக் கீறும், வடியிற சாற்றை நக்கும். அகேசியா மரங்களின் பிசினை எடுத்துத் தின்னும். அகேசியான்னா யாரோ இல்லை. நீலகிரியில சீகை மரம்னு சொல்றோமே, வெள்ளைக்காரங்க கொண்டுவந்து நட்ட வாட்டில், அந்தக் கூட்டம்தான். நம்ம கருவேல மரத்தில் தேன் நிறத்துல பிசின் கட்டி நிற்கிறதைச் சின்ன வயசுல பிச்சு வாயில போட்டிருப்பீங்க. அந்த மாதிரிப் பிசின்தான் பூச்சி கிடைக்காத குளிர்காலத்தில் இதோட சோறு.

பிசினில் ஒரு சிக்கல் இருக்கு. அது நீளநீளமான சர்க்கரைச் சங்கிலி. சாதாரணக் குடலால் அதை உடைக்க முடியாது. அதுக்காகவே சுகர் கிளைடருக்குப் பெருங்குடல் தொடங்குற இடத்துல ஒரு பெரிய பை இருக்கு. உள்ளே நுண்ணுயிர்கள் பிசினைப் புளிக்க வைக்கும். இட்லி மாவுப் பாத்திரத்தை வயித்துலேயே தூக்கிக்கிட்டுத் திரியுதுன்னு வெச்சுக்கோங்க.

ஆனா பிசினிலும் சாற்றிலும் புரதம் கிட்டத்தட்ட இல்லை. வசந்தத்திலும் கோடையிலும் குட்டி வளர்க்கிற நேரத்துல அந்தப் பற்றாக்குறையை வண்டு, அந்துப்பூச்சி, சிலந்தி, மகரந்தம் சரிக்கட்டும். வாய்ப்புக் கிடைச்சா பறவை முட்டை, குஞ்சு, சின்னப் பறவை. இந்தக் கடைசி வரியை ஞாபகம் வெச்சுக்கோங்க.

சாப்பாடே கிடைக்கலைன்னா? லேப்டாப்பை மூடி வெச்ச மாதிரி உடம்பை அணைச்சுடும். இதுக்கு டார்ப்பர்னு பெயர். சாதாரணமா 36 டிகிரி செல்சியஸ் இருக்கிற உடல் வெப்பம் இறங்கிக்கிட்டே போகும். காட்டில் அளந்ததில் 10.4 டிகிரி வரைக்கும் போயிருக்கு. நமக்கு 35 டிகிரிக்குக் கீழே போனாலே ஆஸ்பத்திரிதான். இது சில மணி நேரத்திலிருந்து கிட்டத்தட்ட ஒரு நாள் வரைக்கும் அந்த நிலையில கிடந்துட்டு, தானா சூடேறி எழுந்து வேலையைப் பார்க்கும். 2015-ல் வந்த ஒரு ஆய்வு இன்னும் சுவாரசியமானது. சுகர் கிளைடர்களின் உடல் வெப்பத்தை ஆய்வாளர்கள் காட்டில் கண்காணித்துக்கொண்டிருந்த நேரத்தில், புயலுக்குச் சமமான காற்றும் கனமழையும் அந்தப் பகுதியைத் தாக்கின. மற்ற ராத்திரிகளைவிட அந்த ராத்திரியில நிறைய பிராணிகள் டார்ப்பருக்குப் போயிருந்தன. புயலில் பறந்து சாகிறதுக்குப் பதிலா, பொந்துக்குள்ள படுத்துப் பசியையே அணைச்சிருக்கு. மழை நின்னதும் மறுபடி வெளியே வந்தாச்சு.

டார்ப்பருக்கு முன்னாடி இன்னொரு உத்தி இருக்கு: ஒட்டிக்கிட்டுப் படுக்கிறது. ஒரே பொந்தில் ஏழு பெரியவங்க வரைக்கும், கூட அந்த வருஷக் குட்டிகளும். இலைகளைச் சுருட்டின வாலில் மாட்டிக்கிட்டு வந்து மெத்தை போடும். தலைமை ஆணுக்கு நெற்றியில சொட்டை மாதிரி ஒரு இடம் இருக்கும். அது வாசனைச் சுரப்பி. அந்த நெற்றியை மற்றவங்க உடம்புல தேய்ச்சுத் தேய்ச்சுக் குடும்பத்துக்கே ஒரு பொது வாசனை உண்டாக்கிடும். ஆபீஸ் ஐடி கார்டு மாதிரி. அந்த வாசனை இல்லாத ஆள் உள்ளே வந்தால் அடி விழும். ஆபத்துன்னா நாய்க்குட்டி மாதிரி விட்டுவிட்டுக் குரைக்கும்.

குட்டி விஷயம் நம்பவே முடியாதது. கர்ப்பகாலம் 15-லிருந்து 17 நாள்தான். பிறக்கும்போது எடை 0.2 கிராம். கண் கிடையாது, காது கிடையாது, பின்னங்கால் வெறும் மொட்டு. முன்னங்காலால் மட்டும் தாயின் ரோமத்தைப் பிடிச்சு நீந்திப் பைக்குள்ள போய் முலைக்காம்பைக் கவ்விக்கும். அடுத்த ரெண்டு மாசத்துக்கு மேல அதே இடம். பையைவிட்டு வந்த பிறகும் பல வாரம் பொந்தில்தான் வாசம். தாய் இரை தேடப் போனால் தகப்பனும் குட்டியோட ஒட்டிக்கிட்டுப் படுத்துச் சூடு கொடுக்கும். சின்னப் பாலூட்டிகளில் இப்படித் தகப்பன் பங்கெடுக்கிறது அபூர்வம்.

இப்போ வளர்க்கலாமாங்கிற கேள்விக்கு வர்றேன். அமெரிக்காவில் வீட்டில் வளர்க்கிற சுகர் கிளைடர்களின் மரபணுவை ஆராய்ந்து 2019-ல் ஒரு ஆய்வு வெளிவந்தது. அவற்றின் மூதாதைகள் ஆஸ்திரேலியாவிலிருந்து வரவில்லை. இந்தோனேசியாவின் மேற்கு பப்புவாவில் சொராங் நகரத்துப் பக்கம் இருந்து வந்தவை. அதாவது எங்கேயோ ஒரு காட்டில் பிடிச்சு, பெட்டியில அடைச்சு அனுப்பினதுதான் இந்த வம்சத்தோட தொடக்கம்.

அது போகட்டும். இதுவரைக்கும் சொன்ன உடம்பை ஒரு கூண்டுக்குள்ள வெச்சுப் பாருங்க. ராத்திரி ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குப் பத்து மாடி இறங்கிச் சறுக்கிற உடம்பு. ஏழு பேரோட வாசனையில தூங்கிப் பழகின மூளை. தனியா வெச்சால் பல பிராணிகள் தன் வாலையும் காலையும் தானே கடிச்சுக் காயப்படுத்திக்கும். பழமும் தேனும் மட்டும் கொடுத்தால் கால்சியம் குறைஞ்சு எலும்பு மெலிஞ்சு பின்னங்கால் விழுந்துடும். கால்நடை மருத்துவர்களுக்கு இது ரெண்டும் பழகின கேஸ். நீங்க முழிச்சிருக்கும்போது அது தூங்கும். நீங்க தூங்கும்போது அது குரைக்கும். ரீல்ஸ்ல வர்ற பதினைஞ்சு விநாடி போக மிச்ச நேரம் இப்படித்தான். என் பதில்: வேண்டாம்.

பொந்துக்கு நூறு வருஷம்

இனி கிளிக் கதை. அது புரியணும்னா முதல்ல பொந்தைப் புரிஞ்சுக்கணும்.

நம்ம ஊர்ல மரப்பொந்து எப்படி உருவாகும்? மரங்கொத்தி துளைக்கும், குக்குறுவான் துளைக்கும். அதுங்க விட்டுட்டுப் போன பொந்தில் மைனா, கிளி, ஆந்தை எல்லாம் குடியேறும். ஆஸ்திரேலியாவில் மரங்கொத்தியே கிடையாது. ஒரு இனம்கூட இல்லை. அங்கே கிளை ஒடிஞ்சு, அந்தக் காயத்தில் பூஞ்சை புகுந்து, கறையான் அரிச்சு, தீ சுட்டுத்தான் பொந்து உண்டாகும். யூகலிப்டஸில் ஒரு பிராணி குடியிருக்கிற அளவுக்குப் பொந்து வர நூறு வருஷத்துக்கு மேல ஆகும். பெரிய பொந்துக்கு அதையும் தாண்டும். ஆஸ்திரேலியாவில் சுமார் 300 முதுகெலும்பு உயிரினங்கள் இந்தப் பொந்துகளை நம்பியிருக்கு. இன்னைக்கு ஒரு கிழ மரத்தை வெட்டிட்டு அதே இடத்துல கன்று நட்டால், அதில் பொந்து வரும்போது நம்ம கொள்ளுப் பேரன் பேத்திங்க இருப்பாங்க.

இந்த வரிசையில் நிற்கிற ஒண்ணுதான் ஸ்விஃப்ட் கிளி. பச்சை உடம்பு, முகத்துல சிவப்பு, வேகமா பறக்கும். குளிர்காலத்தை ஆஸ்திரேலியப் பெருநிலத்தில் கழிச்சுட்டு, குஞ்சு பொரிக்க மட்டும் பாஸ் நீரிணையைக் கடந்து டாஸ்மேனியா வரும். உலகத்துல வேற எங்கயும் அது முட்டை இடாது. அங்கே அதுக்கு முக்கியமான சாப்பாடு ப்ளூ கம் யூகலிப்டஸின் பூந்தேன். ஊட்டிக்குப் போனவங்க இந்த மரத்தைப் பார்த்திருப்பீங்க, முகர்ந்திருப்பீங்க. நீலகிரித் தைலம் காய்ச்சுற அதே மரம், டாஸ்மேனியாப் பக்கத்துக்காரன். ப்ளூ கம் ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொரு இடத்துல பூக்கும். பூ எங்கேயோ கிளி அங்கே. பக்கத்துல பொந்து இருந்தா கூடு.

டாஸ்மேனியாவில் முதல்ல சுகர் கிளைடர் கிடையாது. 1830-களில் ஆஸ்திரேலியப் பெருநிலத்திலிருந்து கப்பலில் செல்லப் பிராணியா கொண்டு வந்தாங்க. சிலது தப்பிச்சுக் காட்டுக்குப் போச்சு. கிட்டத்தட்ட 180 வருஷம் யாரும் அதைப் பெருசா எடுத்துக்கலை. இங்கேயே இருந்த பிராணின்னுதான் பல பேர் நினைச்சாங்க. 2018-ல் மரபணுவையும் பழைய பதிவுகளையும் சேர்த்துப் பார்த்த ஆய்வுதான், இது சமீபத்தில் வந்து குடியேறினதுன்னு அழுத்தமா சொன்னது.

அதுக்கு நாலு வருஷம் முன்னாடி, ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெஜான் ஸ்டோயானோவிச் குழு கிளிக் கூடுகளின் அருகே கேமரா வைத்திருந்தது. கூடுகள் ஏன் இவ்வளவு தோத்துப்போகுதுன்னு தெரிஞ்சுக்க. படத்துல வந்தது சுகர் கிளைடர். ஸ்விஃப்ட் கிளியில் பெண்தான் அடைகாக்கும். ஆண் சாப்பாடு கொண்டு வந்து கொடுக்கும். ராத்திரி பொந்துக்குள்ள தனியா உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்கு வெளியேற ஒரே வாசல். அந்த வாசலில்தான் கிளைடர் வருது. முட்டையும் போச்சு, குஞ்சும் போச்சு, தாயும் போச்சு. சுகர் கிளைடர் இல்லாத மரியா தீவிலும் ப்ரூனி தீவிலும் கூடுகள் தப்பிச்சிருந்தன.

முட்டை மட்டும் போனால் அடுத்த வருஷம் மறுபடி இடலாம். பெண் போனால் அந்தக் கணக்கே மாறிடுது. இன்னைக்கு அந்த இனத்தில் ஆண்கள் அதிகம், பெண்கள் குறைவு. 2015-ல் ஸ்விஃப்ட் கிளியை 'மிக அதிகமாக அழிவை எதிர்நோக்கும்' இனமாக உலகப் பட்டியலில் சேர்த்தார்கள். காட்டில் மிச்சம் இருக்கிறது சில நூறு.

இதைக் கேட்டதும் கிளைடர்தான் வில்லன்னு முடிவு பண்ணத் தோணும். எனக்கு அது அரைகுறை பதிலாத்தான் படுது. அதே ஆய்வில் இன்னொரு விஷயமும் இருந்தது. சுற்றிலும் முதிர்ந்த காடு அதிகமா இருந்த இடங்களில் கூடுகள் அதிகமா தப்பிச்சன. காடு துண்டாகித் தேய்ஞ்ச இடங்களில்தான் அடி பலமா விழுந்தது. ப்ளூ கம் காடுகளை விவசாயத்துக்கும் மரத்துக்கும் வெட்டினது மனுஷங்க. கிழ மரம் குறைஞ்சா பொந்து குறையும். பொந்து குறைஞ்சா வேட்டைக்காரனும் இரையும் ஒரே சில மரங்களையே சுத்தி வருவாங்க. சர்வர் நூறு இருந்த இடத்துல ரெண்டே ரெண்டு விட்டு வெச்சுட்டு, லோடு தாங்கலைன்னு யூசரைத் திட்டுற கதைதான்.

சரி, என்ன செய்யறாங்க? இங்கதான் ஒரு இன்ஜினீயரா எனக்குக் கை துறுதுறுன்னு இருந்தது. கிளி பகல் பிராணி, கிளைடர் ராத்திரிப் பிராணி. அதனால கூடுப்பெட்டிக்கு ஒரு சின்ன மோட்டார் கதவு, கூடவே ஒரு ஒளி சென்சார். இருட்டினதும் தாய்க்கிளி உள்ளே இருக்க, கதவு மூடிக்கும். விடிஞ்சதும் திறந்துக்கும். ஆஸ்திரேலியாவில் இந்தக் கூட்டத்துப் பிராணிகளை பாஸம்னு சொல்வாங்க. கருவிக்குப் பெயர் 'பாஸம் கீப்பர் அவுட்டரர்'. பாஸத்தை வெளியே நிறுத்துறதுன்னு அர்த்தம். பெயர் வைக்க ரொம்ப நேரம் செலவு பண்ணலைன்னு தெரியுது. ஆனா வேலை செஞ்சது, கதவு போட்ட கூடுகளில் பிழைக்கிற வாய்ப்பு கூடினது. ஒரு இஃப், ஒரு எல்ஸ், ஒரு மோட்டார். எந்த செயற்கை நுண்ணறிவும் தேவைப்படலை.

அளவுதான் பிரச்சினை. பூ எங்கே பூக்கும்னு வருஷா வருஷம் மாறும். அங்கெல்லாம் ஆள் ஏறிப் பெட்டி மாட்டணும், பேட்டரி பார்க்கணும், சென்சார் அழுக்காகிக் கதவு பகல்ல மூடிக்காம பார்த்துக்கணும். ஒரு சீசனுக்கு சில பத்துக் கூடுகளைக் காப்பாத்தலாம். நூறு வருஷக் காட்டுக்கு அது மாற்று ஆகாது. கிழ ப்ளூ கம் காடுகளில் மரம் வெட்டுறதை நிறுத்தணும்னு டாஸ்மேனியாவில் நடக்கிற சண்டை அதனாலதான் முடியாம ஓடிக்கிட்டே இருக்கு.

கடைசியா ஒரு திருப்பம். 2020-ல் ஆய்வாளர்கள் மரபணுவையும் மண்டையோட்டு அளவுகளையும் சேர்த்துப் பார்த்து, ஆஸ்திரேலியாவில் சுகர் கிளைடர்னு சொன்ன ஒரே இனம் உண்மையில் மூணு இனம்னு பிரிச்சாங்க. வடக்கே சவானா கிளைடர். உள்நாட்டிலும் தெற்கிலும் கிரெஃப்ட் கிளைடர். அசல் சுகர் கிளைடர், அதாவது பெட்டாரஸ் பிரெவிசெப்ஸ், கிரேட் டிவைடிங் மலைத்தொடருக்கும் கிழக்குக் கடற்கரைக்கும் நடுவில் ஒரு பட்டையில் மட்டும். டாஸ்மேனியாவில் கிளியைத் தின்னுக்கிட்டு இருக்கிறது கிரெஃப்ட் கிளைடர். ஆரம்பத்துல 'இதே மாதிரி ஒரு பிராணி'ன்னு நான் சொன்னதுக்குக் காரணம் அதுதான்.

பெயர்ச் சண்டைதானே, யாருக்கு என்னன்னு கேட்கலாம். நேத்து வரைக்கும் பாதி ஆஸ்திரேலியாவிலும் இருக்கு, கவலை இல்லைன்னு பட்டியலில் போட்ட பிராணி இது. பிரிச்சதும் அசல் இனத்தோட நிலப்பரப்பு திடீர்னு சுருங்கிடுச்சு. அந்தக் கிழக்குக் கடற்கரைப் பட்டையில்தான் 2019-20 கோடையில் பெரும் காட்டுத்தீ ஓடினது. எரிஞ்சதில் பொந்து வெச்ச கிழ மரங்களும் சேர்த்தி.

இந்த வாரம் இவ்ளோதான். அடுத்த எபிசோட், நீங்க கேட்டபடி, ஆக்டோபஸ்.